மஞ்சள் இறங்கினால்

சாம்பிராணிப் புகை போட்டு முடிச்சுட்டு மதினி கதவைச் சாத்திட்டுப் போயிட்டா. காத்து பட்டா பிள்ளைக்குச் சளி பிடிச்சிரும், எனக்குச் சன்னி வந்துரும், அதனால ஜன்னலும் சாத்தித்தான் கிடக்கு. மேல குண்டு பல்பு எரியுது. இந்தக் காலத்துல யாரு குண்டு பல்பு போடுதா, மதினி போடுவா, அந்தச் சூடு பச்சைப் பிள்ளைக்கு நல்லதுன்னு தென்காசி பஜார் முழுக்கத் தேடி வாங்கிட்டு வந்து மாட்டியிருக்கா. அந்த வெளிச்சத்துல சுவர் மஞ்சள், தலையணை உறை மஞ்சள், என் கை மஞ்சள், பக்கத்துல கிடக்கிற பிள்ளையும் மஞ்சள். என் கைக்கு இன்னொரு காரணமும் இருக்கு, பெத்த உடம்புன்னு தினமும் மஞ்சளை அரைச்சு அப்பித்தான் என்னைக் குளிக்க வைக்கிறா. பச்சை உடம்பு, பச்சைப் பிள்ளை. மஞ்சளாக் கிடக்கிறவனுக்குப் பச்சைப் பிள்ளைன்னு பேரு, இதை யாருகிட்டச் சொல்லிச் சிரிக்க. சிரிப்பும் வரல. பெத்து ஒரு வாரத்துக்கு மேல ஆகுது, எனக்கு ஒண்ணும் தோணல. ஆஸ்பத்திரியில துணியில சுத்திக் கொண்டாந்து காட்டி பையன்னு சொன்னப்ப, எல்லாரும் என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னாங்க. நான் சரின்னு சொன்னேன். வேற என்ன சொல்லணும்னு தெரியல. பிள்ளை அழுதா பால் தன்னால சுரக்கும்னாங்க, இவன் அழுறதில்ல, எனக்குச் சுரக்கவும் இல்ல. நேத்துலேருந்து இவன் கண்ணைத் திறந்ததே ரெண்டொரு தடவைதான். வாயில வச்சா ரெண்டு இழுப்பு இழுத்துட்டு உறங்கிருதான், காலைச் சுண்டினாலும் முழிக்கல. சமத்துப் பிள்ளை, அம்மையப் படுத்தலன்னு மதினி சொல்லுதா. சமத்தா, சீக்கா? காலைலேருந்து இது ஒண்ணுதான் மண்டைக்குள்ள சுத்திக்கிட்டே கிடக்கு. பிள்ளைக்கு உடம்பு சரியில்லையா, இல்ல எனக்குத்தான் கண்ணு சரியில்லையா. கொடியில தொங்குற சேலை சிவப்புன்னு தெரியுது. சிவப்புன்னு தெரியுதே ஒழிய சிவப்பா இல்ல. இப்படிக் கிடக்கிற ஒருத்தி, பிள்ளை மஞ்சளா இருக்குன்னு சொன்னா யாரு நம்புவா, நானே நம்பல.

நேத்து எதுத்த வீட்டு வள்ளியம்மை அக்கா வந்து பாத்துட்டு, ஏயப்பா, மஞ்சக் கிழங்குல்லா பெத்து வச்சிருக்கான்னு சொன்னா. மஞ்சக் கிழங்கு மாதிரி இருக்கான்னு சொன்னா எங்க ஊர்ப்பக்கம் அதுக்கு மேல ஒரு பாராட்டு கிடையாது. மதினிக்கு வாயெல்லாம் பல்லு. குங்குமப்பூ பலிச்சிட்டுன்னா. அஞ்சாம் மாசத்துலேருந்து பால்ல குங்குமப்பூவைப் போட்டு என்னைக் குடிக்க வச்சது அவதான், என் நிறம் பிள்ளைக்கு வந்துரக் கூடாதேன்னு. அப்படி வெளிப்படையாச் சொல்ல மாட்டா, நல்லவ, பிள்ளைக்கு நல்லதுன்னு மட்டும் சொல்லுவா. நானும் குடிச்சேன். குங்குமப்பூவுக்கும் தோலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லன்னு விலங்கியல் எம்.எஸ்சி. படிச்ச எனக்குத் தெரியாதா, தெரிஞ்சும் மடக்கு மடக்குன்னு குடிச்சேன். கல்யாணத் தரகர் என்னை மாநிறம்னு சொல்லித்தான் தள்ளிவிட்டாரு. மாநிறம்னா என்ன நிறம்? மாந்தளிரா, மாங்கொட்டையா? கறுப்புன்னு சொல்ல வாய் வராதவங்க கண்டுபிடிச்ச நிறம் அது. பொண்ணு பாக்க வந்தப்ப மதினி என் மூஞ்சியப் பாத்துட்டு, களையா இருக்கான்னு சொன்னா. களையா இருக்கான்னா கறுப்பா இருக்கான்னு அர்த்தம், இது தெரியாத தமிழச்சி உண்டா. ஆனாலும் அவதான் சரின்னா. தாயில்லாப் பொண்ணு, நான் பாத்துக்கிடுதேன்னா, சொன்னபடி பிரசவத்துக்குத் தன் வீட்டுக்கே கூட்டிட்டு வந்து வச்சிருக்கா. எங்க வீட்டுக்காரரு ஆவுடையப்பன் இவளுக்குத் தம்பி, அவரையும் இவதான் வளர்த்தா, அம்மா சின்னதுலேயே போயிட்டாளாம். அவரு ஓசூருல ஒரு கம்பெனியில வேலை பாக்காரு, பேரு வைக்கிற அன்னைக்குத்தான் லீவு. ராத்திரி வீடியோவுல கூப்பிட்டுப் பாத்துட்டு, நம்ம வீட்டு நிறம், அக்கா நிறம்னாரு. போன்ல என்ன நிறம் தெரியும், அதுவும் இந்தப் பல்பு வெளிச்சத்துல. அவருகிட்ட, பிள்ளை ரொம்ப மஞ்சளா இருக்கற மாதிரி இருக்குன்னு சொன்னேன். அதைத்தான் எல்லாரும் சொல்லுதாங்கன்னு சிரிச்சாரு. நானும் போனை வச்சிட்டேன். பாராட்டுக்கும் சீக்குக்கும் ஒரே வார்த்தையை வச்சிருக்கற ஊர்ல நான் எந்த வார்த்தையைப் போட்டுச் சொல்ல. மதினி நெத்தியிலயும் கன்னத்துலயும் உள்ளங்காலுலயும் இத்தாந்தண்டி கறுப்புப் பொட்டு வச்சிருக்கா, கண்ணு பட்டுரக் கூடாதுன்னு. எந்தக் கண்ணும் படல, அதுதான் எனக்கு இருக்கற வருத்தமே. வருத்தம்னா வருத்தமும் இல்ல. வருத்தப்படணும்னு தெரியுது.

கண்ணு எதுக்குன்னு காலேஜுல நான்தான் பாடம் எடுத்தேன். மனுஷனுக்கு எதுக்குக் கலர் தெரியுது, சொல்லுங்க பாப்போம்னு கேட்டா ரெண்டாம் வருஷத்துப் பிள்ளைங்க ஒண்ணையொண்ணு பாத்துக்கும். மீனுக்குத் தெரியும், பறவைக்கு நம்மள விட நல்லாத் தெரியும். பாலூட்டிங்க மட்டும் ஒரு காலத்துல பெரிய பெரிய பல்லிகளுக்குப் பயந்து பொந்துக்குள்ள கிடந்து ராத்திரியில மட்டும் வெளிய வந்துச்சு, இருட்டுல கலர் எதுக்கு, பாதியைத் தொலைச்சிருச்சு. அதனாலதான் மாட்டுக்கும் நாய்க்கும் சிவப்பு பச்சை வித்தியாசம் தெரியாது, காளை முன்னாடி சிவப்புத் துண்டை ஆட்டுறதெல்லாம் சும்மான்னு சொன்னா பின்பெஞ்சு சிரிக்கும். அப்புறம் மூணு கோடி வருஷத்துக்கு முன்னாடி, கூடவும் இருக்கலாம், ஏதோ ஒரு குரங்குக்கு ஒரு ஜீன் தப்பா ரெண்டு தடவை நகலாச்சு, அந்த ரெண்டாவது நகல் கொஞ்சம் மாறுச்சு, பச்சைக்குள்ளேருந்து சிவப்பு பிரிஞ்சு வந்துருச்சு. சரி, வந்தது எதுக்கு நிலைச்சுது? இலைக்கு நடுவுல பழம் தெரியணும்லா, அதுக்குன்னு ஒரு பதில். உடனே பூல்பாண்டின்னு ஒருத்தன் எந்திரிச்சு, மிஸ், மாங்கா பச்சையா இருக்கும்போதுதான் ருசி, உப்பும் மிளகாப்பொடியும் போட்டான்னு ஆரம்பிச்சான், எல்லாருக்கும் நாக்குல தண்ணி வந்து பாடம் நின்னு போச்சு. இன்னொரு பதிலும் உண்டுன்னு சொன்னேன். சிவப்பு தெரியிற குரங்குகளைப் பாத்தா அதிகமும் மூஞ்சியில முடி இல்லாத குரங்கா இருக்கு. மூஞ்சித் தோல்ல ரத்தம் ஏறுறது, வத்துறது, வெளுக்குறது, நீலம் பூக்குறது எல்லாம் அடுத்ததோட கண்ணுக்குத் தெரியணும். கோவமா இருக்கா, பயந்திருக்கா, சீக்கா இருக்கான்னு கிட்டக் கிடக்கிறதுக்குத் தெரியணும். பழத்துக்கு இல்ல, மூஞ்சிக்குத்தான் கண்ணுன்னு சில பேரு சொல்லுதாங்க, முடிஞ்ச முடிவு இல்ல, ரெண்டையும் எழுதுங்கன்னேன். முன்பெஞ்சுல சண்முகசுந்தரி, என்னை மாதிரி நல்ல கறுப்பு, மிஸ், நம்மள மாதிரி மூஞ்சில என்ன தெரியும்னு கேட்டா. நம்மளன்னு சேர்த்துக் கேட்டாளே, அது எனக்குப் பிடிச்சிருந்துச்சு. பழகுன கண்ணுக்கு எந்த மூஞ்சியிலயும் தெரியும், உதட்டைப் பாரு, உள்ளங்கையைப் பாரு, முழியைப் பாருன்னேன். ஆமா மிஸ், எங்கம்மா தூரத்துலேருந்தே காய்ச்சலான்னு கேட்டுருவான்னா. பழகுன கண்ணு. என் கண்ணு பழகுச்சா? இங்க ஒரு மூஞ்சி கிடக்கு, முடியில்லாத மூஞ்சி. கிட்ட நான் கிடக்கேன். பொந்துக்குள்ள கிடக்குற ரெண்டு பாலூட்டி.

நர்சு ஒண்ணு சொன்னா. வீட்டுக்கு அனுப்புற அன்னைக்கு, பேப்பரெல்லாம் கையில குடுத்துட்டு, குட்டையா கண்ணாடி போட்ட நர்சு, மஞ்சளைப் பத்தி ஒண்ணு சொன்னா. அது என்னன்னு காலைலேருந்து தேடுறேன். அன்னைக்கு நான் அவ வாய் அசையிறதைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். எல்லாப் பிள்ளைக்கும் கொஞ்சம் மஞ்சள் வரும், பயப்படாதீங்கன்னா, அது நினைவு இருக்கு, பயப்படாதீங்கன்னதும் சரின்னேன், எனக்கு அது ரொம்ப லேசான காரியம். அதுக்கப்புறம்? மஞ்சள் வந்தா கூட்டிட்டு வாங்கன்னாளா? மஞ்சள் போனா கூட்டிட்டு வாங்கன்னாளா? இன்னைக்குப் பிள்ளையைக் குளிப்பாட்டும்போது மதினிகிட்டயே கேட்டேன், அன்னைக்கு நர்சு என்ன சொன்னா மதினின்னு. மதினி பிள்ளையக் கால்ல கிடத்தி மூக்கை நீவிக்கிட்டே, மஞ்சள் இறங்குனதும் கூட்டிட்டு வரச் சொன்னாட்டி, இறங்கட்டும், என்ன அவசரம்னா. காய்ச்சல் இறங்கும், வீக்கம் இறங்கும், விஷம் இறங்கும், மஞ்சளும் இறங்கும். இறங்குனதும் கொண்டு போய்க் காட்டணும். சரின்னு கேட்டுக்கிட்டேன். கேட்டுக்கிட்டு வந்து படுத்ததுலேருந்து அந்த இறங்குனதும் மட்டும் தொண்டையில மீன்முள்ளு மாதிரி நிக்கி. நல்லாயிட்ட பிள்ளையை எதுக்கு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வரச் சொல்லணும்? சொல்லலாம், டாக்டருங்க சொல்லுவாங்க, மறுபடியும் பீசு வாங்கலாம்லா. ஆனா அன்னைக்கு நர்சு சொல்லும்போது கையைக் காட்டுனா. ஆமா, கையைக் காட்டுனா. எதைக் காட்டுனா? அவ மூஞ்சியத் தொட்டா, நெஞ்சைத் தொட்டா, அப்புறம் குனிஞ்சு முழங்காலைத் தொட்டா. குட்டைப் பொம்பள குனிஞ்சதுல பாக்கெட்டுலேருந்து பேனா கீழ விழுந்துச்சு, மதினி எடுத்துக் குடுத்தா. பேனா விழுந்தது நினைவு இருக்கு. மூஞ்சியோட நின்னா பரவால்ல. கீழ இறங்குச்சுன்னா தூக்கிட்டு வந்துருங்க. கீழ. கீழன்னு சொன்னா. மதினி அப்ப பேனா எடுக்கக் குனிஞ்சிருந்தா, கீழங்கிறதை அவ பேனாவுக்குன்னு நினைச்சாளோ என்னமோ. ஏறுன மஞ்சள் இறங்குறது இல்ல. மூஞ்சிலேருந்து காலுக்கு இறங்குறது. இறங்குனா நல்லது இல்ல. இறங்குனாதான் ஆபத்து. இவ்வளவும் தெரிஞ்சும் நான் படுத்துத்தான் கிடக்கேன், எந்திரிக்கணும்னு தோணல, நெஞ்சு ஒரு தடவை கூட வேகமா அடிக்கல. எந்திரிக்கணும்னு தோணாட்டி என்ன, எந்திரிக்கக் கால் இருக்குல்லா.

எந்திரிச்சு மொதல்ல கையைக் கழுவுறேன். தோலை அமுக்கி எடுத்தாத்தான் அடியில இருக்கற நிறம் தெரியும், அமுக்குற விரல்லயே மஞ்சள் இருந்தா அது யாரு மஞ்சள்னு எப்படித் தெரியும். குளியலறையில துணிச் சோப்பைப் போட்டுத் தேய்க்கேன், நகக்கண்ணுல இருக்கறது போகவே மாட்டேங்கு. பொம்பளையாப் பொறந்ததுலேருந்து எத்தனை வீட்டு மஞ்சள் இந்த நகத்துக்குள்ள போயிருக்கும். போதும். பிள்ளையைத் துணியோட தூக்குறேன், தலை தொங்குது, தாங்கிப் பிடிக்கேன், எப்பவும் இப்படித்தான் தொங்குமா இல்ல இன்னைக்குத்தானா, தெரியல. கதவைத் திறந்து அடுப்படி வழியா புறவாசலுக்குப் போறேன். மதினி அடுப்புல பூண்டுக் குழம்பு கொதிக்கி, அவ இல்ல, முன்வாசல்ல பால்காரரு கூடப் பேசுத சத்தம் கேக்கு. புறவாசல்ல நல்ல வெளிச்சம், கண்ணு கூசுது. வெள்ளை வேட்டி ஒண்ணு கொடியில காயுது, அதை உருவித் தொவைக்கிற கல்லு மேல விரிச்சு அதுல பிள்ளையைக் கிடத்துறேன். வெள்ளை பக்கத்துல இருந்தாத்தான் மத்தது என்னன்னு தெரியும். துணியை விலக்குறேன். வெயில் பட்டும் பிள்ளை மூஞ்சியச் சுளிக்கல. பரீட்சைப் பேப்பர் திருத்துற மாதிரி மேலேருந்து பாத்துக்கிட்டு வாறேன். நெத்தி, மஞ்சள். இமையை விரலால லேசா விலக்குனா முழி வெள்ளை இல்ல, மஞ்சள். நெஞ்சு. வயிறு. தொடை. ஒண்ணொண்ணா அமுக்கி எடுக்கேன், எடுத்த இடத்துல வெளுப்பு வரணும், வரல. தொடைக்குக் கீழ சந்தேகமா இருக்கு, எனக்கு இப்படித்தான் தெரியுதோ, ஒண்ணுமே தோணாத ஒருத்திக்கு எல்லாமே மஞ்சளாத்தான் தெரியுமோ. அடப் போடி. எந்தக் குரங்கு, நான் பாசத்தோடதான் பாக்கேனான்னு தன்னையே கேட்டுக்கிட்டுக் குட்டியப் பாத்திருக்கும். பாத்துச்சு, தெரிஞ்சுது, தூக்கிக்கிட்டு ஓடுச்சு, ஓடாததோட குட்டி மிஞ்சல. மூணு கோடி வருஷத்துக் கண்ணு என்கிட்ட அனுமதி கேட்டுக்கிட்டா பாக்கும். உள்ளங்கால்ல மதினி வச்ச மைப்பொட்டை எச்சில் தொட்டுத் துடைக்கேன். கட்டைவிரலால அமுக்கி, எடுத்தேன். மஞ்சள்.

வெயிலடியில எதுக்குட்டி கொண்டாந்தன்னு பின்னாடி மதினி சத்தம். கையில பால் செம்பு. அது பேரு வைக்கிற அன்னைக்குத் தம்பி கட்டுததுக்குத் தொவைச்சுப் போட்ட வேட்டில்லா, தீட்டுத் துணியை அதுலயா போடுத, காத்து அடிக்கது தெரியலையா, உனக்கு என்னதான் ஆச்சுன்னு வரிசையாக் கேட்டுக்கிட்டே வாறா. நான் திரும்பல.

"மதினி, மஞ்சள் இறங்கிட்டு."

செம்பைக் கீழ வைக்கிற சத்தம் கேட்டுச்சு. நான்தான் சொன்னேன்லா, தன்னால இறங்கிரும்னு, இதுக்கா இப்படிக் கொண்டாந்து போட்டுக்கிட்டு இருக்க, நாளைக்கு நல்ல நேரம் பாத்துக் கொண்டு போய்க் காட்டிட்டு வந்துருவோம், ஆவுடைக்கும் போனைப் போட்டுச் சொல்லிருதேன்னு அவ பாட்டுக்குச் சந்தோஷமாச் சொல்லிக்கிட்டே போறா.

"குறையல மதினி. இறங்கியிருக்கு. மூஞ்சிலேருந்து காலுக்கு இறங்கியிருக்கு. நர்சு சொன்னது இதைத்தான்."

வாயக் கழுவுட்டின்னா. குளிப்பாட்டுன மஞ்சளா இருக்கும்னா, நான் இன்னைக்குப் பிள்ளைக்கு மஞ்சளே போடலன்னு அவளே அடுத்த மூச்சுல சொன்னா, சொல்லிட்டு நின்னுட்டா. நீங்களே அமுக்கிப் பாருங்கன்னேன். முந்தானையில கையை நல்லாத் துடைச்சிட்டு என் பக்கத்துல வந்து உக்காந்து, பிள்ளை காலைப் பிடிச்சு அமுக்குனா. விரலை எடுத்துட்டுப் பாத்தா. இன்னொரு காலையும் அமுக்குனா. பேரைச் சொல்லிக் கூப்பிடுற மாதிரி, ஐயா, ராசான்னு கன்னத்தைத் தட்டுனா, அவன் கண்ணைத் திறக்கல. நான் பிள்ளையைப் பாக்கல, மதினி மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். அவ நல்ல சிவப்பு, அடுப்படி வெக்கையில கன்னமெல்லாம் எப்பவும் ரத்தமாத்தான் இருக்கும். அந்த ரத்தம் போகுது. கன்னத்துலேருந்து போகுது, மூக்கு நுனியிலேருந்து போகுது, உதட்டுலேருந்து போயி உதடு சாம்பல் பூத்துருச்சு. சொல்ல வேண்டியது எல்லாம் மூஞ்சில எழுதி வச்சிருக்கு, அதை என் கண்ணு படிச்சிருச்சு, நான் படிக்கிறதுக்கு முன்னாடியே படிச்சிருச்சு. எனக்குப் பயம் வருது. இவ்வளவு நாளும் எங்க கிடந்துச்சு இந்தப் பயம், வந்துட்டு, மொத்தமா வந்துட்டு. செத்துருவானோ. ஐயோ, செத்துருவானோ. மதினி எந்திரிச்சு ஓடுறா, பதினாறு நாள் கழியாம நான் தாண்டக் கூடாதுன்னு சாத்தி வச்சிருந்த முன்வாசக் கதவை ரெண்டு பக்கமும் தள்ளித் திறந்துட்டு, தெரு நடுவுல நின்னு வண்டி வண்டின்னு கத்துறா. நான் பிள்ளையை வேட்டியோட வாரி நெஞ்சோட அமுக்கிக்கிட்டுப் பின்னாடியே ஓடுறேன், என் பிள்ளை மதினி, என் பிள்ளைன்னு என் வாய் கத்துது.